நாட்ரோன் வேறு, சோடா வேறு

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ கடையிலிருந்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே தட்டில் இரண்டு பாக்கெட். ஒன்றில் நாட்ரோன் என்று போட்டிருக்கிறது, மற்றதில் சோடா என்று. "இதுல எதும்மா ஆப்பச்சோடா?" என்று கேட்டிருந்தாய். நாட்ரோன் என்று உடனே பதில் போட்டேன். நீ பார்த்துவிட்டதாக இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. எதை வாங்கினாய் என்று மட்டும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வேறு எதுவும் சொல்லவில்லை. வேலை இருக்கும். போனில் அரைகுறையாகச் சொன்னதை ஒழுங்காக எழுதி வைத்தால் நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்வாய்.

முதலில் இதை மனதில் வாங்கிக்கொள். ஜெர்மனியில் ஒரு பாக்கெட்டில் வெறுமனே சோடா என்று இருந்தால் அது சலவைச் சோடா. நம் ஊரில் ஆப்பச்சோடா, சோடா உப்பு, சமையல் சோடா என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடைக்காரர் தருகிற அந்த வெள்ளைத் தூளுக்கு அங்கே பெயர் நாட்ரோன். அமெரிக்காக்காரர்களின் கேக் வீடியோவில் சொல்லும் பேக்கிங் சோடாவும், இங்கிலாந்துப் புத்தகங்களில் பைகார்பனேட் ஆஃப் சோடா என்று எழுதுவதும் இதே நாட்ரோன்தான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "சோடா" என்ற சொல்லை நம்பிக் கடைக்குப் போனால் தவறான பாக்கெட் கைக்கு வரும். இரண்டும் வெள்ளை, இரண்டும் தூள், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிரிப்பதற்கு முன்னால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார். சின்ன எழுத்தில் வேதிப்பெயர் இருக்கும். நாட்ரியும் என்று தொடங்கி நடுவில் ஹைட்ரோகேன் என்ற சொல் வந்து கார்போனாட் என்று முடிந்தால் அது சாப்பாட்டுக்கு ஆகும். சில கம்பெனிகள் ஹைட்ரோகேனுக்குப் பதிலாக பிகார்போனாட் என்று போடுவார்கள், அதுவும் சரிதான். நடுவில் ஒன்றுமே இல்லாமல் நாட்ரியும்கார்போனாட் என்று மொட்டையாக இருந்தால் அது துணிக்கு. அதில் சிவப்புக் கட்டம் போட்ட ஆச்சரியக்குறியும் இருக்கும், கண்ணில் பட்டால் எரியும் என்ற எச்சரிக்கை. இன்னொன்றையும் கவனி. துப்புரவுச் சாமான் பக்கம் இருக்கும் வீட்டு உபயோக நாட்ரோன் அதே பொருளானாலும் உணவுத் தரம் என்று சொல்ல முடியாது. மாவு, சர்க்கரை இருக்கும் தட்டில் ஷ்பைஸநாட்ரோன் என்று கேட்டு வாங்கு.

பெயர் இப்படிக் குழம்பிக் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது தெரிந்தால் நீ மறக்க மாட்டாய். சோடியத்துக்குக் குறியீடு ஏன் என்ஏ என்று ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் சண்டை போட்டவள் நீ. அன்றைக்குப் பாதி பதில்தான் கிடைத்திருக்கும்.

கெய்ரோவுக்கு வடமேற்கே கடல் மட்டத்துக்கும் கீழே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, வாடி நாட்ரூன். அங்குள்ள உப்பு ஏரிகள் வெயிலில் வற்றும்போது ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படியும். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த பொருக்கு அது, கொஞ்சம் சாப்பாட்டு உப்பும் சேர்ந்திருக்கும். எகிப்தியர்கள் அதை வெட்டி எடுத்துத் துணி வெளுத்தார்கள், கண்ணாடி செய்தார்கள், இறந்தவர்களின் உடலை அதில் புதைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கிரேக்கத்தில் நிட்ரோன் ஆனது, இலத்தீனில் நிட்ரும், அரபியில் நாட்ரூன். அரபியிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பி வந்தது நாட்ரோன். உன் கடைத் தட்டில் இருக்கும் பெயர் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்.

சோடாவின் வழி வேறு. ஏரியே இல்லாத ஊர்களில், கடலோரத்து உவர் நிலத்தில் வளரும் செடிகளை எரித்து அந்தச் சாம்பலிலிருந்து இதே காரத்தை எடுத்தார்கள். ஸ்பெயினில் அலிகான்தே பக்கம் இதற்காகவே செடி வளர்த்தார்கள். அந்தச் செடிக்கும் சாம்பலுக்கும் இத்தாலியிலும் இடைக்கால இலத்தீனிலும் சோடா என்று பெயர். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போகும் வழியில் சிவந்து படர்ந்திருக்குமே உமரி, அது அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதை எரித்தாலும் சாம்பலில் இந்தக் காரம்தான் மிஞ்சும். 1791-இல் பிரான்சில் நிக்கோலா லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1861-இல் பெல்ஜியத்தில் எர்னெஸ்ட் சால்வே அம்மோனியா முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு செடியை எரிக்கும் வேலை நின்றது. பெயர் நிற்கவில்லை.

ஆக, ஏரியிலிருந்து ஒரு பெயர், சாம்பலிலிருந்து ஒரு பெயர். 1807-இல் ஹம்ப்ரி டேவி காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரித்தபோது, சோடாவிலிருந்து வந்ததென்று சோடியம் என்று பெயரிட்டார். ஜெர்மன்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் நாட்ரோனை வைத்து நாட்ரியும் என்றார்கள். குறியீடு வகுத்த பெர்சேலியஸ் ஸ்வீடன்காரர், அதனால் குறியீடு என்ஏ. உன் சண்டைக்கு இதுதான் முழுப் பதில். ஜெர்மன்காரர்கள் பழைய இரண்டு பெயரையும் விடாமல், மென்மையானதற்கு நாட்ரோன், கடுமையானதற்கு சோடா என்று பிரித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் சோடாவே நிலைத்து, முன்னால் பேக்கிங், வாஷிங், காஸ்டிக் என்று ஒட்டிக்கொண்டது. நாமும் ஆங்கிலத்தின் வழியே போய் எல்லாவற்றையும் சோடா என்கிறோம். கோலி சோடாவில் இருப்பது வாயு மட்டும்தான், அதற்கும் அதே பெயர். தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. அப்பளக்காரம், வெண்காரம், சவுக்காரம் என்று எல்லாவற்றிலும் வருகிற அந்தக் காரம் மிளகாய்க் காரம் இல்லை, இந்தக் காரம்தான். அப்பளக்காரம் அந்த எகிப்துப் பொருக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்த கலவை. அதனால் அதுவும் கேக்குக்கு ஆகாது, பார்சலில் வரும்போது குழப்பிக்கொள்ளாதே.

நம் வேதாகமத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. நீதிமொழிகள் 25:20-ஐ எடுத்துப் பார். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் "வெடியுப்பின்மேல் காடியை வார்க்கிறவனைப்போல" என்று இருக்கும். வெடியுப்பில் காடியை, அதாவது வினிகரை, ஊற்றினால் ஒன்றுமே ஆகாது. எபிரெயத்தில் அங்கே இருப்பது நெதெர், அதாவது இந்த நாட்ரோன். அதில் காடி பட்டால் சீறிப் பொங்கும், வசனத்தின் பொருளே அந்தப் பொங்கல்தான். இலத்தீன் நிட்ரும் பிற்காலத்தில் வெடியுப்புக்குப் பெயராக மாறிப்போனது, ஆங்கிலத்திலும் நைட்டர் என்று எழுதினார்கள், தமிழில் வெடியுப்பு ஆனது. அதே நெதெர் எரேமியா 2:22-இல் வருகிறது. அங்கே நம்மவர்கள் உவர்மண் என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். ஊர் வண்ணார் வெள்ளாவியில் போட்ட உவர்மண் அது.

அந்த வசனத்தின் முதல் பாதியையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மனம் நொந்திருப்பவர்கள் முன்னால் போய்க் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. போனில் நான் அதிகம் பேசாமல் இருப்பதற்கு நீ வேறு காரணம் எதுவும் நினைக்காதே. இந்தத் தடவை யாரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை, சின்னம்மாவிடம்கூட.

இனி கேக்குக்கு வருகிறேன்.

பைகார்பனேட் என்ற பெயரில் உள்ள பை வீணாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. 1814-இல் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் வைத்த பெயர் அது. ஒரே அளவு சோடியத்தோடு கார்பனேட்டில் இருப்பதைப் போல் இரு மடங்கு கார்பானிக் பங்கு இதில் சேர்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்த இரு மடங்கில் எவ்வளவு வாயுவாக வெளியே வரும் என்பது நீ புளிப்பு சேர்க்கிறாயா இல்லையா என்பதைப் பொறுத்தது. புளிப்பு போதுமான அளவு இருந்தால் 84 கிராம் நாட்ரோன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு தரும். புளிப்பே இல்லாமல் சூட்டை மட்டும் நம்பினால் அதே 84 கிராமிலிருந்து 22 கிராம்தான் வரும். மீதி எங்கே போகிறது? கேக்குக்குள்ளேயே சோடியம் கார்பனேட்டாகத் தங்கிவிடும். அதாவது சரியான பாக்கெட்டை வாங்கியிருந்தாலும், தயிரோ எலுமிச்சையோ சேர்க்காமல் சுட்டால் அடுப்புக்குள்ளே சலவைச் சோடா உண்டாகிவிடும். சோப்பு வாடை அடிக்கிற கேக் எல்லாம் இப்படித்தான் கெடுகிறது. வெண்ணெயின் கொழுப்போடு அந்தக் காரம் சேர்ந்தால் கொஞ்சம் உண்மையாகவே சோப்பாகும்.

அளவு இது. 125 கிராம் மாவுக்கு மட்டமாக வழித்த கால் டீஸ்பூன் நாட்ரோன். அங்கே 405 என்று எண் போட்ட மாவுதான் நம் மைதா. அரை டீஸ்பூன் நாட்ரோனுக்கு 240 மில்லி மோரோ தயிரோ வேண்டும், இல்லையென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. அங்கே குறிப்புகளில் டேஎல் என்பது டீஸ்பூன், ஈஎல் என்பது டேபிள்ஸ்பூன். நாட்ரோனை மாவோடு கலந்து இரண்டு முறை சலி. கட்டி இருந்தால் அந்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழும், கடித்தால் கசக்கும். புளிப்பும் நாட்ரோனும் சேர்ந்த உடனே பொங்கத் தொடங்கிவிடும், அடுப்பின் சூட்டுக்காகக் காத்திருக்காது. ஆகவே அடுப்பை முன்னாலேயே 170-க்குச் சூடாக்கி வைத்துவிட்டு, கலந்த பத்து நிமிடத்துக்குள் உள்ளே வைத்துவிடு. கலக்கிவிட்டு லேப்டாப்பில் போய் உட்காராதே. கூடுதலாகப் போட்டால் நன்றாக எழும்பும் என்று நினைக்கவும் வேண்டாம். வேகமாக எழும்பி, உள்ளே வேகும் முன் நடுவில் குழி விழும், மேலே சீக்கிரம் கறுக்கும்.

கோகோ போட்டுச் செய்வதானால் ஒன்றைப் பார். இயற்கைக் கோகோ புளிப்பு, நாட்ரோனோடு ஒத்துப்போகும். கடையில் கிடைப்பதில் பல, காரம் சேர்த்துக் கறுப்பாக்கியவை. பின்பக்கத்தில் காலியும்கார்போனாட் என்று இருந்தால் அது அந்த வகை, அதில் புளிப்பு கிடையாது. அதற்கு பக்புல்வர் போடு, அதாவது பேக்கிங் பவுடர்.

பக்புல்வரில் நாட்ரோனும் உலர்ந்த அமிலமும் ஈரம் ஏறாமலிருக்க மாவுச்சத்தும் ஏற்கெனவே அளந்து கலந்திருக்கும். ஜெர்மனியில் கீசன் ஊரில் வேதியியல் பேராசிரியர் லீபிக்கிடம் படித்துவிட்டு அமெரிக்கா திரும்பிய ஹார்ஸ்ஃபோர்டு 1856-இல் பாஸ்பேட் அமிலத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு, 1891-இல் பீலஃபெல்டில் மருந்துக்கடை வாங்கிய ஆகஸ்ட் ஓட்கர் அரைக்கிலோ மாவுக்கு ஒரு பொட்டலம் என்று மடித்து விற்றார். அந்த வழக்கம்தான் இன்றும். ஒரு பொட்டலம் 500 கிராம் மாவுக்கு, 250-க்குப் பாதி. நம் கிறிஸ்துமஸ் பழக் கேக்குக்கு அந்தப் பாதிப் பொட்டலமே போதும். ஊறிய பழத்தின் பாரத்துக்கு நாட்ரோனைக் கூட்டினால் பழம் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

இந்த மாதம் அதே தட்டில் வேறு இரண்டு பொட்டலம் இருக்கும், அவசரத்தில் எடுத்துவிடாதே. ஹிர்ஷ்ஹோர்ன்சால்ஸ் என்றால் மான்கொம்பு உப்பு. ஒரு காலத்தில் கொம்பை வறுத்து எடுத்தார்கள், இப்போது தொழிற்சாலையில் செய்யும் அம்மோனியம் உப்பு. மெல்லிய பிஸ்கட்டுக்கு மட்டும்தான் அது. தடித்த கேக்கில் அம்மோனியா வெளியே போக வழியில்லாமல் நாறும். பொட்டாஷே என்பது பானைச் சாம்பல், மரச்சாம்பலைக் கரைத்துப் பானையில் காய்ச்சி எடுத்த பொட்டாசியம் கார்பனேட். அது லேப்கூஹன் என்கிற அவர்கள் ஊர் மசாலா கேக்குக்கு.

மாப்பிள்ளை சொன்னார், போன கிறிஸ்துமஸுக்கு உன் ஆபீசில் எல்லோரும் உன் கேக்கை இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார்களாமே. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆச்சியின் கைப்பக்குவம் உன்னிடம் வந்துவிட்டது என்று எதிர்வீட்டு டீச்சரிடம்கூடச் சொன்னேன். ஆனால் இதை மாப்பிள்ளை சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவரும் நான் கேட்டால் மட்டும்தான் சொல்கிறார்.

கேக் போனால் போகட்டும், இன்னொரு கேக் சுடலாம். நான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் பேச்சுவாக்கில், ராத்திரியில் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை, சோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறேன் என்றாய். எந்தச் சோடா என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் எண், நாட்ரோன் கரைசலுக்கு எட்டுக்குச் சற்று மேலே. சலவைச் சோடாவுக்குப் பதினொன்று. சலவைச் சோடா வாயையும் உணவுக் குழலையும் புண்ணாக்கும்.

காடி ஊற்றிச் சோதித்துப் பார்த்தேன், பொங்கியது என்று சொல்லாதே. இரண்டுமே பொங்கும். மஞ்சள்தூளும் இரண்டிலும் சிவக்கும். சந்தேகமாக இருந்தால் சிவப்பு முட்டைகோஸைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடு. நாட்ரோன் என்றால் நீலமாகும். சலவைச் சோடா பச்சைக்குப் போய் மஞ்சள் தட்டும். அதைவிட நல்லது, பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

நாட்ரோனாகவே இருந்தாலும் தினமும் குடிப்பது சரியில்லை. அரை டீஸ்பூனில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உள்ளே ஒரே நேரத்தில் வாயு கிளம்பி வயிற்றுக்கு ஆபத்து. மற்ற மாத்திரைகள் உடம்பில் சேர்வதையும் கெடுக்கும். பொதுவாகவே சொல்கிறேன், உண்டாகியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. உடம்பில் நீர் கோக்கும், கால் வீங்கும், இரத்தத்தில் காரத்தன்மை ஏறும். அந்த நாட்களில் நெஞ்செரிச்சல் வருவது சகஜம், அதற்கென்று பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்துத் தருவார். உன்னை வைத்துச் சொல்லவில்லை. தெரிந்துவைத்துக்கொள்ள.

ராத்திரி சீக்கிரம் சாப்பிடு. கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகச் சாப்பிடு. சாப்பிட்டதும் படுக்காதே. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்து, தலையணையை மட்டும் அடுக்கினால் பயனில்லை. இடது பக்கமாகப் படு. காபி பிடிக்கவில்லை என்றாய், நல்லதுதான், விட்டுவிடு. போன வருஷம் மாதிரி ஒரே நாளில் வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்துகிறேன் என்று அட்டைப்பெட்டிகளைத் தூக்காதே. மாப்பிள்ளை தூக்கட்டும்.

தம்பிக்கு வேலை மாற்றம் மதுரைக்கு. தோட்டத்து முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. மற்றவை பிறகு.

பார்சலில் உளுந்து அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், சீரகம் வைத்திருக்கிறேன். சர்க்கரை கருக்கி எடுத்த பாகு ஒரு பாட்டில் தனியாகக் கட்டியிருக்கிறேன், பழக் கேக்குக்கு மூன்று டேபிள்ஸ்பூன். நாட்ரோன் பாக்கெட்டின் பின்பக்கப் படத்தை அனுப்ப மறக்காதே.

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். விசாவுக்கு அங்கிருந்து ஒரு அழைப்புக் கடிதம் வேண்டுமாம், தம்பி விசாரித்துச் சொன்னான். எந்த மாதத்துக்கு என்பதை நீயே போட்டு அனுப்பு. எனக்கு எந்த மாதமானாலும் சரி, எத்தனை மாதமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா